பேஸ்ட் மாற்றியும் 93 டிகிரி: காசு வீணா?

வைகைக்கரை:
வணக்கம். 2020-ல் வாங்கிய கேமிங் லேப்டாப். ஐ7-9750எச் ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராஃபிக்ஸ் சிப். வாங்கியதிலிருந்து யாரும் பிரித்ததில்லை. இப்போதெல்லாம் ஜிடிஏ 5 ஆட ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் ப்ராசஸர் சூடு 98 டிகிரி. ஃபேன் போடும் சத்தத்தில் அடுத்த அறையில் அப்பா டிவி வால்யூமைக் கூட்டுகிறார். சர்வீஸ் சென்டரில் ஹீட்சிங்க்கையே (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் செப்பு அமைப்பு) மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட், ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 ஒரு ட்யூப் வாங்கி, பழசைத் துடைத்துப் புதுசு போட்டேன். இப்போது 93. யூடியூபில் எல்லாருக்கும் இருபது டிகிரி குறைகிறது, எனக்கு மட்டும் ஐந்துதானா?

நட்சத்திரம்77:
லிக்விட் மெட்டல் போடுங்க ப்ரோ. எந்தப் பேஸ்ட்டும் அதுக்குக் கிட்டயே வராது.

ஸ்க்ரூடப்பா:
தம்பி, லிக்விட் மெட்டல் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதில் இருப்பது காலியம் என்ற உலோகம். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும். சிப்பைச் சுற்றி இருக்கும் பொடிப்பொடிக் கெபாசிட்டர்கள்மேல் ஒரு துளி வழிந்தால் போர்டே போய்விடும். சில கம்பெனிகள் அதைப் போட்டே விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் சுற்றிலும் தடுப்பு வைத்து மெஷினில் பூசுகிறார்கள். பையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிற லேப்டாப்பில் வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

நான் கடையில் தினமும் இதைப் பிரிக்கிறவன், அதனால் ஒன்று கேட்கிறேன். பேஸ்ட் மாற்றினீர்கள், ஃபேனைக் கழற்றினீர்களா? ஃபேன் காற்று தள்ளுகிற வாய்க்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு திரையாகவே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நகத்தால் உரித்தால் பழைய கம்பளித் துண்டு மாதிரி முழுசாக வரும். அது இருக்கும்வரை எந்த ஊர்ப் பேஸ்ட் போட்டும் புண்ணியமில்லை. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். ஃபேனைக் கழற்றி, ப்ரஷ்ஷால் தட்டி எடுங்கள். பேட்டரி ஒயரை முதலில் பிடுங்கிவிட வேண்டும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுற்ற விடாதீர்கள்.

அப்புறம், டிகிரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இந்த 9750எச் 100 டிகிரி வரை தாங்கும்; அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பத்துக்கு இடம் கிடைத்தால் அந்த இடத்தையும் டர்போ (ப்ராசஸர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது) தின்றுவிடும். அதாவது நல்ல பேஸ்ட் போட்டதன் பலன் டிகிரியில் பாதி, வேகத்தில் பாதியாகத் தெரியும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் கிளாக்கும் (ப்ராசஸர் வேகம்) வாட்டும் (அது இழுக்கும் மின்சாரம்) எவ்வளவு என்று முன்னும் பின்னும் சொல்லுங்கள்.

யூடியூப் கணக்கும் வேறு. அவர்கள் அறை 20 டிகிரி. நம் ஊர் மே மாதம் ஏசி இல்லாத அறை 35. அந்தப் பதினைந்தும் அப்படியே சிப்பின் தலையில்தான் ஏறும்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. பேஸ்ட் மாற்றுவதற்கு முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருந்தது. அதில் 98 டிகிரி, 38 வாட், 2.7 கிகாஹெர்ட்ஸ். மாற்றிய பிறகு 93 டிகிரி, 52 வாட், 3.3 கிகாஹெர்ட்ஸ். நேற்று இரவு ஃபேன் இரண்டையும் கழற்றினேன். நீங்கள் சொன்ன திரை இரண்டிலும் இருந்தது, வலது பக்கம் பாதி அடைப்பு. சுத்தம் செய்து மாட்டியதும் அதே கேமில் 87. இதற்குமேலும் குறைக்க வழி இருக்கிறதா?

ஸ்க்ரூடப்பா:
பார்த்தீர்களா, பேஸ்ட் அதன் வேலையைச் செய்திருக்கிறது. அதிகமாக 14 வாட் ஓடியும் 5 டிகிரி இறங்கியிருக்கிறது. ஹீட்சிங்க் மாற்றச் சொன்னவர்களிடம் இனி போக வேண்டாம். பல மாடல்களில் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் ஒரே செப்புக் குழாய்தான். பக்கத்தில் 1660 டிஐ 80 வாட் எரிந்தால் ப்ராசஸரும் சேர்ந்து வேகும். அதனால் கேமில் ஃப்ரேமை (நொடிக்கு வரும் படங்கள்) 60-க்குக் கட்டிப் போடுங்கள், இரண்டும் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. சில மாதம் கழித்து மறுபடி ஏறினால் பயப்பட வேண்டாம். டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும், லேப்டாப்பில் சிலிக்கான் நேரே செப்பில் உட்காருகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, தண்ணியான பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் நடுவில் சிப் கண்ணாடியாகப் பளபளக்கும், பேஸ்ட் முழுக்க விளிம்பில் திரண்டு நிற்கும்.

மஞ்சப்பை:
அதற்குத்தான் பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும் ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட். சுமார் 45 டிகிரியில் இளகி இடைவெளியை நிரப்பும், பேஸ்ட் அளவுக்கு ஓரத்துக்கு ஒதுங்காது. போலியும் நிறைய வருகிறது, கடை பார்த்து வாங்குங்கள். த்ராட்டில்ஸ்டாப் என்ற சாஃப்ட்வேரில் அண்டர்வோல்ட்டும் (ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது) முயன்று பாருங்கள் வைகைக்கரை. 2019 கடைசியில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும் பல கம்பெனிகள் பயாஸ் (போர்டின் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டில் அண்டர்வோல்ட்டைப் பூட்டிவிட்டன. உங்களுடையதில் திறந்திருந்தால் அதிர்ஷ்டம்.

வைகைக்கரை:
பார்த்தேன், பூட்டித்தான் இருக்கிறது. அடுத்த முறை ஷீட்தான். அதை ஒட்டுவது கஷ்டமா?

ஸ்க்ரூடப்பா:
கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள், பிளாஸ்டிக் சுத்தமாக உரியும். சிப் அளவுக்கு வெட்டினால் போதும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். முதல் சில தடவை சூடேறி ஆறிய பிறகுதான் அதன் உண்மையான டிகிரி தெரியும், அதற்குள் இங்கே வந்து திட்டாதீர்கள். மெமரி சிப்புகள் மேலிருக்கும் வெப்பம் கடத்தும் பேடு கிழிந்திருந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் ப்ராசஸரில் சரியாக உட்காராது.