ஓர்லாண்டோ டிஸ்னிக்கு வருடப் பாஸ் எடுக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மக்களே, அமெரிக்காவில் சொந்தக்காரங்க இருக்கிற வீடுகள் நம்ம குழுவில் நிறைய உண்டு, அந்த நம்பிக்கையில் கேட்கிறேன். அக்காவும் அத்தானும் ஓர்லாண்டோவில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு மார்த்தாண்டத்திலிருந்து நாங்கள் குடும்பத்தோடு போகிறோம். வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு எல்லாருக்கும் வருடப் பாஸ் எடுத்துவிடலாம் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

எனக்குக் கணக்கு இடிக்கிறது. விலை குறைந்த பிக்சி டஸ்ட் பாஸ் ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் வாரநாட்களில்தான் செல்லும். அக்கா குடும்பத்துக்கு அது சரி, எங்களுக்கு இருப்பதிலேயே விலை கூடின இன்கிரெடி பாஸ்தான். சாதாரண டிக்கெட்டில் பத்து வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சமாவது குறையும், பாஸில் மூன்று வயது ஆகிவிட்டாலே பெரியவர்களுக்குள்ள அதே விலை. எங்கள் சின்னவளுக்கு நாலு வயது, பெரிய ரைடுகளில் உயரம் பத்தாது என்று நிறுத்திவிடுவார்கள். பாஸ் இருந்தால் பார்க்கிங் இலவசம் என்கிறாள் அக்கா, ஆனால் போவது அத்தான் கூட அவர் காரில்தானே, அவர் பாஸே போதாதா?

அங்கே இருப்பது நாலு பார்க். பல நாள் டிக்கெட் எடுத்தால் நாள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலையும் குறைகிறது. ஆனால் மே கடைசியில் மதியம் இடியும் மழையும் பிடித்துவிட்டால் பாஸ் உள்ளவர் கவலையில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அந்த ஒரு விஷயம்தான் என்னை யோசிக்க வைக்கிறது.

சின்னப் பிள்ளைகளோடு போனவர்கள் உண்மையில் எத்தனை நாள் தாக்குப்பிடித்தீர்கள்? ஒரே பயணத்துக்காகப் பாஸ் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், அப்புறம் வருத்தப்பட்டீர்களா இல்லையா என்று சொல்லுங்கள்.