பேம்_எண்ட் விட்டுப்போனால் என்ன ஆகும்? சேலம் பக்கத்து அனுபவங்கள்

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கொலுசு வியாபாரி ஒருவருடைய சரக்குக் கணக்கு நிரலை இப்போது நான் பராமரிக்கிறேன். முன்பு யாரோ சி மொழியில் எழுதிக் கொடுத்தது. பட்டறைக்கு வெள்ளி எடை போட்டு அனுப்புகிறவர், செய்து வந்த கொலுசை வரவு வைக்கிறவர் என்று ஆளாளுக்கு ஒரே கணினியில் நுழைவார்கள், வெளியேறுவார்கள். கடவுச்சொல் சரிபார்ப்பு லினக்ஸின் பேம் (PAM, நிரல்களுக்காகப் பயனரைச் சரிபார்த்துத் தரும் நூலகம்) வழியாக நடக்கும். காலையில் நன்றாக ஓடுகிற நிரல், சாயங்காலத்துக்குள் நினைவகத்தை நிறைத்துவிடும். "ரேம் பத்தலைன்னா இன்னொண்ணு வாங்கிப் போட்டுடலாமா தம்பி?" என்றார் கடைக்காரர். கொஞ்சம் பொறுங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு, விடுவிக்காமல் விட்ட நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவியில் ஓட்டிப் பார்த்தேன். கசிவு முழுக்க, பேம் வேலையைத் தொடங்கி வைக்கும் பேம்_ஸ்டார்ட் அழைப்பைக் காட்டியது.

பேம்_ஸ்டார்ட் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. அது பேம்_அதென்டிகேட்டின் வேலை. ஸ்டார்ட் செய்வதெல்லாம் ஏற்பாடு: அந்தச் சேவைக்கான அமைப்புக் கோப்பைப் படித்து, அதில் சொன்ன மாட்யூல்களை (சரிபார்க்கும் துணை நிரல்களை) ஏற்றி, அடுத்த அழைப்புகளுக்கெல்லாம் பிடியாக ஒரு ஹேண்டிலைக் கையில் கொடுக்கும். பழைய நிரலில், கடவுச்சொல் சரியாக இருந்தால், அந்த ஹேண்டிலை விடுவிக்கும் பேம்_எண்ட் கடைசியில் இருந்தது. தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே ரிட்டர்ன். தட்டச்சில் ஒரு எழுத்து தவறினால்கூட ஒரு ஹேண்டில் அனாதையாக நின்றுவிடும். எந்த வழியில் போனாலும் அடியில் ஒரே இடத்துக்கு வந்து பேம்_எண்ட் அழைத்த பிறகே வெளியேறும்படி மாற்றினேன். ரேம் வாங்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

எனக்கு இதற்கு நேர் எதிரானது நடந்தது அண்ணா. இங்கே ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் கெர்பரோஸ் டிக்கெட்டை (வலையமைப்பில் பயனர் யார் என்று காட்டும் சான்றை) வைத்துத்தான் மாணவர்களின் வீட்டுக் கோப்புறை திறக்கும். உள்ளே வந்த உடனே 'அனுமதி இல்லை' என்று வரும். மலையில் பனிமூட்டமும் மழையுமாக இருந்த வாரம் அது. எல்லோரும் கேபிளைத்தான் குறை சொன்னார்கள், கீழே சேலத்திலிருந்து ஆள் வந்து கேபிளையும் மாற்றினார்கள். பதிவுகளை வரிவரியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: டிக்கெட் உருவாகிறது, அடுத்த நொடியே அழிகிறது.

நுழைவு நிரல் ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து இன்னொரு செயல்முறையை உருவாக்கி), அந்தப் பிள்ளைச் செயல்முறையும் தன் பங்குக்கு பேம்_எண்ட் அழைத்திருக்கிறது. பேம்_எண்ட் வெறும் நினைவகத்தை விடுவிப்பதோடு நிற்காது. ஒவ்வொரு மாட்யூலும் ஹேண்டிலில் ஒப்படைத்து வைத்த துப்புரவுச் செயற்கூறையும் கூப்பிடும். அது டிக்கெட் கோப்பை அழித்துவிட்டது, தாய்ச் செயல்முறை இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கும்போதே. பிள்ளையில் பேம்_எண்ட்டுக்குக் கொடுக்கும் நிலை மதிப்போடு, வெளியே உள்ள கோப்புகளைத் தாய் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் பேம்_டேட்டா_சைலன்ட் என்ற கொடியைச் சேர்த்த பிறகு டிக்கெட் அழியாமல் நின்றது.

ஓமலூரிலிருந்து:

பேம்_எண்ட்டின் இரண்டாவது இடத்தில், அதாவது அந்த நிலை மதிப்பாக, எப்போதும் பேம்_சக்சஸ் (வெற்றி) போடுவது என் வழக்கம். அதில் ஏதும் கெடுதல் உண்டா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

உண்டுங்க. கடைசியாக பேம் எதைத் திருப்பித் தந்ததோ அதையே கொடுக்க வேண்டும். துப்புரவுச் செயற்கூறு அதைப் பார்த்துத்தான் நுழைவு வென்றதா தோற்றதா என்று முடிவெடுக்கும். 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்காரர்கள் இந்த வடிவமைப்பை முன்வைத்ததே, கடவுச்சொல் கோப்பில் இருக்கிறதா வலையமைப்பில் இருக்கிறதா என்று நிரலுக்குத் தெரியத் தேவையில்லாமல் இருக்கத்தான். உள்ளே எந்த மாட்யூல் என்ன வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதபோது, நடந்ததை அதற்கு உண்மையாகச் சொல்லியே ஆகவேண்டும்.

இன்னொன்று: பேம்_கெட்_ஐட்டம் தந்த பயனர் பெயரை பேம்_எண்ட்டுக்குப் பிறகு தொடாதீர்கள், அந்த நினைவகம் போயிருக்கும். பதிவேட்டில் எழுத வேண்டுமென்றால் முன்னாடியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பயனரின் செஷன் (அமர்வு) திறந்திருந்தால் அதை நீங்களே பேம்_க்ளோஸ்_செஷன் அழைத்து மூட வேண்டும், பேம்_எண்ட் மூடித் தராது.