எங்கள் மணியின் ஒரே படம், கண் பச்சையாக மின்னுகிறது: சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
எங்கள் மணி போய்ச் சேர்ந்துவிட்டான். கறுப்பு நாய். தலையைச் சாய்த்து, ஒரு காதை மட்டும் மடக்கிக்கொண்டு அவன் பார்க்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃபிளாஷ் பட்டு இரண்டு கண்ணும் பச்சையாக மின்னுகின்றன. முகம் ஒரே இருட்டு. ஆட்டுகிற வேகத்தில் வால் கலைந்திருக்கிறது. போனில் கண் சிவப்பை நீக்கும் ரெட்-ஐ கருவியைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. இதைத் தேற்ற முடியுமா?

பதில் 1:
அந்தக் கருவி சிவப்பைத்தான் தேடும். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அதனால்தான் இந்தப் பச்சை. கண்மணியை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறத்தைக் குறைத்து, அப்புறம் கருமையாக்குங்கள். சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், அது போனால் பார்வையில் உயிர் இருக்காது. முகத்துக்கு, இருண்ட இடங்களை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் அளவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். எல்லாம் நகலில்தான். வாட்ஸ்அப்பில் வந்த படமென்றால், எடுத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
வாலை விட்டுவிடுங்கள். ஏஐ செயலிகள் இல்லாத முடியை வரைந்து வேறு நாயாக்கிவிடும். எங்கள் பூனையின் மூக்கோரத்து மச்சத்தை ஒரு செயலி அழுக்கென்று துடைத்தே விட்டது. பெரிதாக்கவும் வேண்டாம். 4x6 அங்குலத்தில் பிரிண்ட் போட 1200x1800 பிக்சல் தாராளம்; அந்த அளவில் மங்கலும் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
சரி, மூலம் தங்கை போனில் இருக்கிறதாம். இன்றே வாங்கிவிடுகிறேன். வால் அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் அப்படித்தான் ஆட்டுவான்.