சிறுவர்களுக்கு அமெரிக்கன் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டாலஸ் கபடிக்காரர்:

பையனைச் சேர்க்கப் போன இடத்தில் நானே பயிற்சியாளரானேன். 2016 கோடை, டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர். மகனுக்கு ஒன்பது வயது. பெயர் எழுதும் மேசையில் இருந்த பெண்மணி, "துணைப் பயிற்சியாளர் ஒருவர் குறைகிறார், நீங்கள் ஏதாவது விளையாடியதுண்டா?" என்று கேட்டார். "கபடி" என்றேன். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் என் பெயரை எழுதிக்கொண்டார்.

இரண்டாவது வாரத்தில் நடந்தது இது. இரு பக்கமும் மெத்தைப் பைகளைப் போட்டுச் சந்து போல அமைத்தார்கள். நடுவில் இரண்டு சிறுவர்கள் எதிரெதிரே. விசில் அடித்ததும் மோதிக்கொள்ள வேண்டும். ஓக்லஹோமா பயிற்சி என்று அதற்குப் பெயர். எங்கள் மதுரைப் பக்கத்துக் கிடாமுட்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சுற்றி நின்று கத்துகிற கூட்டம் உட்பட.

ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். 'டம்' என்று ஒரு சத்தம். எதிரில் நின்றவன் மல்லாந்து விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நன்றாகச் சத்தமாக. பாய்ந்தவன் எழுந்து, தான் வந்த வரிசையை விட்டுவிட்டு எதிர் வரிசையில் போய் நின்றான். சிரித்தோம். "நன்றாக இருக்கிறாயா?" என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டார். "இருக்கிறேன்" என்றான். இன்னும் இரண்டு முறை மோதவிட்டோம். அன்றிரவு வீட்டில் வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனதாக அவன் அம்மா மறுநாள் தொலைபேசியில் சொன்னார். கன்கஷன், அதாவது மூளை அதிர்வு. அவன் பழையபடி ஆக மூன்று வாரம் பிடித்தது.

எந்த வரிசை என்று தெரியாமல் ஒரு குழந்தை நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது ஓர் அறிகுறி என்று எனக்குத் தெரியாது. வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் 2006இல் அடிபட்ட பிறகும் மறுபடி ஆட இறங்கி, மூளையில் இரத்தம் கசிந்து, பல ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழித்த கதையைப் பிறகுதான் படித்தேன். அவன் பெயரிலேயே 2009இல் அங்கே சட்டம் வந்தது: சந்தேகம் என்றாலே வெளியே எடு, மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதித் தராமல் திரும்ப இறக்காதே. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இப்படி ஏதோ ஒரு சட்டம் வந்துவிட்டது. நான் மைதானத்தில் நின்றது அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து.

அந்த மோதல் பயிற்சியைப் பற்றியும் விசாரித்தேன். பாப் வார்னர் சிறுவர் அமைப்பு, மூன்று கெஜத்துக்கு மேல் தள்ளி நின்று நேருக்கு நேர் முழு வேகத்தில் மோதும் பயிற்சியை 2012லேயே நிறுத்தியிருந்தது. பின்னால், 2019இல், தொழில்முறை என்.எஃப்.எல். அணிகளே ஓக்லஹோமாவை விட்டொழித்தன. நாங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து அதைச் செய்துகொண்டிருந்தோம்.

அடுத்த ஆண்டு டேக்கிள் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பந்தோடு ஓடுகிறவனை மடக்கி வீழ்த்தும் வேலை. இங்கேதான் கபடி கைகொடுத்தது. ஊரில் எங்களுக்குப் பிடி சொல்லித்தந்த அண்ணன் பிடி விழுந்ததா என்று பார்க்க மாட்டார். "தலை எந்தப் பக்கம் இருந்தது?" என்று மட்டும் கேட்பார். தொடையைப் பிடிக்கப் போகிறவன் தலையை எதிராளியின் முன்னால் நீட்டினால் முழங்கால் முகத்தைப் பெயர்த்துவிடும். தலை வெளியே, தோள் உள்ளே, கண் மேலே. இங்கே பழைய தலைமுறைப் பயிற்சியாளர்கள் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஓடுகிறவனின் முன்பக்கமாகத் தலையைக் கொண்டுபோய் வழியை மறி என்று. சியாட்டில் சீஹாக்ஸ் அணி 2014இல் வெளியிட்ட பயிற்சிக் காணொளி ரக்பி பாணியில் தோளால் பிடிப்பதைக் காட்டியது. அதைப் பார்த்தபோது எங்கள் ஊர் அண்ணன் இங்கிலீஷ் பேசுவது போலவே இருந்தது.

நான் கற்றுத்தரும் வரிசை இதுதான். முதல் வாரம் ஹெல்மெட்டே கிடையாது. புல்லில் முழங்காலிட்டு, பக்கத்தில் மெதுவாக நடந்துபோகிறவனின் தொடையில் தோளைப் பதித்து, இரண்டு கையாலும் கட்டி, கன்னத்தை அவன் இடுப்புக்குப் பின்னால் ஒட்டவைப்பது. பிறகு நின்றுகொண்டு, நடந்து. அப்புறம்தான் ஓட்டம். ஹெல்மெட் இல்லாதபோது எந்தக் குழந்தையும் தலையைக் கொடுப்பதில்லை, யாரும் சொல்லித்தராமலே. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்து, ஹெல்மெட் இல்லாமல் பழகியவர்களுக்குத் தலையில் விழும் அடி குறைந்ததைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதில் பாதி வேலை காலில் இருக்கிறது. கால் எட்டாதவன்தான் பாய்கிறான், பாய்கிறவன்தான் குனிகிறான். எந்தத் தோளால் பிடிக்கிறானோ அந்தப் பக்கத்துக் கால் எதிராளிக்கு அருகே ஊன்றியிருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க நான் கத்தியது "கால், கால்" என்ற ஒரே சொல். பிள்ளைகள் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.


ஹூஸ்டன் நர்ஸம்மா:

அண்ணா, குனிவதைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்பு வில் போல லேசாக வளைந்திருக்கும்; அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். தலையைக் குனிந்தால் அந்த வளைவு போய் நேர்க்குச்சியாகிவிடும். உச்சந்தலையில் விழும் விசை முழுக்க அந்தக் குச்சியின் மேல் இறங்கும். கை கால் செயலிழப்பது அப்படித்தான். 1976இல் உச்சந்தலையால் முட்டுவதை விதியால் தடுத்தபோது கழுத்து முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. எந்தப் புதிய கருவியும் தேவைப்படவில்லை.

என் அனுபவம் வெயில். எங்கள் ஊர் ஆகஸ்ட் மாதம் உங்களுக்குத் தெரியும். சென்னையின் மே மாதத்துக்கு ஹெல்மெட்டும் தோள்பட்டைக் கவசமும் மாட்டிவிட்டது போல இருக்கும். மகன் ஆடிய அணிக்கு நான் தன்னார்வலர். முதல் நாள் போனபோது தண்ணீர் இடைவேளை ஒரு பரிசு மாதிரி இருந்தது: நன்றாக ஓடினால் கிடைக்கும், இல்லையென்றால் இன்னொரு சுற்று. நான் சண்டை போட்டேன். "எங்கள் காலத்தில்" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். உங்கள் காலத்தில் செத்துப்போனவர்கள் இங்கே வந்து பேச முடியாது ஐயா என்று சொல்லிவிட்டேன். பிறகு வருத்தப்பட்டேன். முழுவதுமாக இல்லை.

நான் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, கவசத்தைப் படிப்படியாகப் போடுவது: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அப்புறம் மூன்று நாள் தோள் கவசமும் சேர்த்து, ஆறாம் நாள்தான் முழுவதும். உடம்பு வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். இரண்டு, மைதானத்தின் ஓரத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீரும் பக்கத்தில் ஐஸ் மூட்டைகளும். பண்ணைக் கடையில் மாடு தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டி விற்கிறார்கள். அதையே வாங்கிப் போட்டேன். மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். எனக்கோ எங்கள் வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது.

மூன்றாம் வாரம், பதினான்கு வயதுப் பையன், முன்வரிசையில் ஆடுகிற கனத்த உடம்பு. முதலில் சம்பந்தமில்லாமல் கோபப்பட்டான், பிறகு தள்ளாடினான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. நிழலில் படுக்கவைத்துக் காத்திருப்போம் என்றார்கள். நானும் இரண்டு அப்பாக்களும் அவனை அப்படியே தூக்கித் தொட்டியில் இறக்கி, அக்குளுக்கு அடியில் துண்டு கொடுத்துத் தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டோம். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பைச் சுற்றி இருக்கும் தண்ணீர் சூடாகிவிடும். ஆம்புலன்ஸ் வந்தபோது என் பெயரைக் கேட்டான், அவன் பெயரையும் சரியாகச் சொன்னான்.

முதலில் குளிரவை, பிறகு அனுப்பு. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோருமே பிழைக்கிறார்கள். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மக்நேர் என்ற பத்தொன்பது வயது வீரர் ஓட்டப் பயிற்சியில் சரிந்து, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அவரைக் குளிர்நீரில் இறக்கவே இல்லை.


எடிசன்வாசி:

எல்லாம் படித்தேன். ஒரே கேள்வி: இவ்வளவு ஏற்பாடு தேவைப்படும் விளையாட்டை ஒன்பது வயதில் ஏன் ஆடவேண்டும்? என் இரண்டு பையன்களையும் ஃபிளாக் ஃபுட்பாலில் போட்டிருக்கிறேன். இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் ஆள் அவுட். ஓட்டம், பந்து பிடிப்பது, எதிராளியின் இடுப்பைப் பார்த்து நிற்பது என்று எல்லாம் அதிலேயே வருகிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் அதுதான் இருக்கிறது. அடி வாங்குவதைப் பெரியவனான பிறகு கற்றுக்கொள்ளட்டும், ஆசை இருந்தால்.


டாலஸ் கபடிக்காரர்:

உங்கள் கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. என் இளைய மகன் ஃபிளாக்தான் ஆடுகிறான். ஆனால் எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதில் பள்ளி அணிக்கு வருகிறவர்களில் பலர் முதல் டேக்கிளை அன்றுதான் கற்கிறார்கள், அதற்குள் உடம்பு எடை கூடியிருக்கிறது. எடை குறைவாக இருக்கும்போதே விழக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி, மூளை வளரும் வயதில் ஓர் அடிகூட வேண்டாம் என்று ஒரு கட்சி. வயது ஏற ஏற நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன்.


ஆஸ்டின் அம்மா:

என்னுடையது சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். கோடையில் ஊருக்குப் போய்த் திருப்பதியில் பையனுக்கு மொட்டை போட்டோம். திரும்பி வந்த வாரத்தில் ஹெல்மெட் அளவெடுத்தார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. அக்டோபரில் தலைவலி தலைவலி என்றான். கண் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் முடி வளர்ந்து ஹெல்மெட் நெற்றியை நெரித்துக்கொண்டிருக்கிறது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் காற்றுப் பைகளில் காற்றைக் கொஞ்சம் இறக்கியதும் சரியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நேர்மாறு: முடி வெட்டியதும் தளர்ந்து ஆடியது.

அதிலிருந்து அணி முழுவதற்கும் நான்தான் ஹெல்மெட் பார்க்கிறேன். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் தளர்வு. தாடைப் பட்டையை மாட்டியபின் வாயை அகலத் திறந்தால் மேலே ஹெல்மெட் அழுந்த வேண்டும். வாரம் ஒரு முறை, பதினைந்து நிமிடம். ஒன்று மட்டும் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அது முழுவதுமாகத் தடுக்காது.


சான் ஹோசே தம்பி:

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். நான் இங்கேயே பிறந்தவன், உயர்நிலைப் பள்ளியில் ஆடியவன், இப்போது பதினொரு வயதுக்காரர்களுக்குப் பயிற்சி தருகிறேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டி திருத்தித் தந்திருக்கிறார்.

கபடி அண்ணா, உங்கள் அந்தப் பையன் "இருக்கிறேன்" என்று சொன்னானே, அந்தப் பொய்யை நான் ஆண்டுக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். பருவம் தொடங்கும் முன் கணினியில் ஞாபகசக்திப் பரிசோதனை வைப்பார்கள். பின்னால் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க. வேண்டுமென்றே அதில் மோசமாக எழுதுவோம், அடிபட்டபின் வித்தியாசம் தெரியாமல் இருக்க. ஓர் ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க இன்றுவரை எனக்கு நினைவில்லை. ஜெயித்தோம் என்று சொன்னார்கள்.

அதனால் "நன்றாக இருக்கிறாயா" என்ற கேள்வியை நான் கேட்பதே இல்லை. பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து, "பக்கத்தில் இருப்பவனிடம் இன்று என்ன வித்தியாசமாகப் பார்த்தாய்?" என்று கேட்கிறேன். தன்னைப் பற்றிப் பொய் சொல்லும் பையன் நண்பனைப் பற்றி உண்மை சொல்லிவிடுகிறான். முதல் ஆண்டு காட்டிக்கொடுக்கிறோம் என்று கூச்சப்பட்டார்கள். முதலில் சொன்னவனுக்கே அந்த வாரக் கேப்டன் பட்டையைக் கொடுத்தேன். பிறகு கூச்சம் போய்விட்டது. சில நாள் "இவன் மதியம் என் சிப்ஸைத் திருடினான்" என்பதும் வரும். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கலிபோர்னியாவில் 2021 முதல் சிறுவர் அணிகளுக்குச் சட்டமே இருக்கிறது: முழு மோதல் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, அன்றும் முப்பது நிமிடம்தான். கடிகாரத்தை ஓர் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். என்னிடம் இருந்தால் "இன்னும் ஒன்றே ஒன்று" என்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

கபடி அண்ணா, அந்தப் பையன் பிறகு என்ன ஆனான்?


டாலஸ் கபடிக்காரர்:

தம்பி, பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அவன் அந்தப் பருவத்துக்குப் பிறகு வரவில்லை. அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே நின்று பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. அது நியாயம்தான். பல ஆண்டு கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு, உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தின் இடைவேளையில் பேண்டு வாத்தியக் குழு மைதானத்துக்குள் வந்தது. தன்னைவிடப் பெரிய டியூபா என்ற ஊதுவாத்தியத்தைத் தோளில் சுமந்துகொண்டு இரண்டாம் வரிசையில் வந்தான். அவன்தானா என்று மகனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆறேழு நிமிடம், அத்தனை திருப்பத்திலும், தன் வரிசையை விட்டு அவன் ஓர் அடி விலகவில்லை.