சட்ஜிபிடியிடம் மட்டுமே மனம் திறக்கும் தம்பி: என்ன செய்யலாம்?

கேள்வி (கிளிநொச்சி)
2009இல் தந்தையை இழந்த என் தம்பி, உறக்கம் வராத இரவுகளில் தன் துயரத்தையெல்லாம் சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியிடமே எழுதுகிறான். உளநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சுகிறான். தடுப்பதா, விடுவதா?

மறுமொழி (முல்லைத்தீவு, உளவளத்துணையாளர்)
தங்கச்சி, கைபேசியைப் பறிக்க வேண்டாம். சொல்லி ஆற ஓர் இடம் கிடைத்ததே அவனுக்குப் பெரிது. ஆனால் இக்கருவிகள் பேசுபவருக்கு இசைந்து போகும் இயல்புடையவை. அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்பதற்காகவே, சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் அதன் புதுப்பிப்பு ஒன்றை மீளப்பெற்றது. வாழ்ந்து பயனில்லை என்று எண்ணத் தொடங்கிய ஒருவருக்கு அத்தகைய இசைவு எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள். அவன் மெலிந்திருப்பதையும், சோற்றைத் தொடாமல் எழுந்து போவதையும் நீங்கள் காண்கிறீர்கள்; சட்ஜிபிடிக்கோ அவன் எழுதியது மட்டுமே தெரியும்.

மறுமொழி (வவுனியா)
அமெரிக்காவில் உணவுண்ணல் கோளாறு உள்ளோருக்கு உதவும் அமைப்பொன்றின் 'டெஸா' என்ற சாட்பொட் (உரையாடல் கருவி), அவர்களுக்கே எடை குறைக்க அறிவுரை கூறியதால் 2023இல் நிறுத்தப்பட்டது. வைத்தியருக்குள்ள இரகசியக் கடப்பாடும் இவற்றுக்கு இல்லை.

மறுமொழி (முல்லைத்தீவு, உளவளத்துணையாளர்)
ஊரார் கண்ணில் படத் தயங்கினால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு முதலில் அவன் அழைக்கட்டும். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் தனியே விடாமல், அன்றே அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.