மறு: பேபி மானிட்டர் – இணையம் இல்லாத இடத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தூங்கும் குழந்தையின் சத்தத்தை வேறிடத்தில் இருக்கும் பெரியவர்களுக்குக் கேட்கச் செய்யும் பேபி மானிட்டருக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். சேலத்து ஐயாவின் 'மழலைக் காவலன்', பென்னாகரம் அக்காவின் 'மின்செவிலி', அரூர் நண்பரின் 'தூளிக்காது', சென்னையிலிருந்து வந்த 'இணையமிலிக் குழந்தைக் கண்காணிப்பி' என நான்கு பெயர்கள் இப்போது மேசையில் இருக்கின்றன. நான்கையும் முன்வைத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போன்களை இணையம் இல்லாமலே பேபி மானிட்டராக்கும் நம் செயலியின் திரைச்சொற்களை, அதாவது திரையில் தோன்றும் சொற்களை, தமிழாக்கும் வேலை பாதியில் நிற்பதால் இதை விரைவில் முடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கருவி எங்கே பயன்படப் போகிறது என்று பார்ப்போம். அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம். வத்தல்மலையில் ஒரு இரவு தங்குகிறோம். ஒகேனக்கல்லில் அறை எடுக்கிறோம். குழந்தை உள்ளே தூங்குகிறது. பெரியவர்கள் வெளியே பொங்கல் வைத்துக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கிறார்கள். மலைப் பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வந்தாலும் டேட்டா ஓடாது. வீட்டில் வாங்கி வைத்திருக்கும் வைஃபை கேமராக்களில் பல, வெளியே உள்ள சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் நம் போனுக்குப் படத்தை அனுப்புகின்றன. அடுத்த அறையில் அழும் குழந்தையின் குரல் எங்கோ போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இணையம் இல்லாவிட்டால் அந்தக் கேமரா பயன்படாது.

அதற்கு மாற்று எளிமையானது. ஒரு போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இன்னொரு போனை அதில் இணைத்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வலை உருவாகிவிடும். அதற்கு டேட்டா வேண்டாம், டவரும் வேண்டாம். ஒரு போன் குழந்தையின் பக்கத்தில் இருந்து கேட்கும். இன்னொன்று நம் கையில் இருந்து ஒலிக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரவா?' என்று ஆண்ட்ராய்டு கேட்கும்போது தொடரச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் போன் தானாக அந்த வலையை விட்டு விலகிவிடக்கூடும். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைப்பது நல்லது; 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாகத் தாண்டும். போன் வேண்டாம் என்பவர்களுக்கு, குரல் கேட்டால் தானே திறக்கும் வாக்கிடாக்கிகள் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள குறைந்த திறன் கருவிகளுக்கு 2018 விதிகளின்படி இந்தியாவில் உரிமம் தேவையில்லை.

இனி பெயருக்கு வருகிறேன்.

> இணையம் இல்லாமல் இயங்குவதுதான் இதன் சிறப்பு. அது பெயரில் வர வேண்டும்.

சென்னை நண்பரின் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வகைக் கருவி பிறந்தபோது இணையமே கிடையாது. 1932இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பர்க் வீட்டுக் குழந்தை கடத்தப்பட்டது. அந்த அச்சத்தின் நிழலில் 1937இல் ஜெனித் வானொலி நிறுவனம் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்தது, பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. பெற்றோர் பக்கம் இருந்த பெட்டிக்கு 'ரேடியோ நர்ஸ்' என்றும், குழந்தை பக்கம் இருந்ததற்கு 'கார்டியன் இயர்', அதாவது காவற்காது, என்றும் பெயர் வைத்தார்கள். இணையம் வேண்டாததுதான் மூலக் கருவி. இணையம் வழியாகப் போவது பின்னால் வந்த வகை. அடைமொழி வேண்டுமானால் பின்னால் வந்தது சுமக்கட்டும். 'இணைய' என்று முன்னால் சேர்த்தால் அந்த வகைக்குப் பெயர் கிடைத்துவிடும். நம் கருவிக்கு வெறும் பெயரே போதும். 'இல்லா', 'அற்ற', 'இலி' என்று இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்தால் அந்தக் கருவி எப்போதும் ஏதோ குறைபட்டது போலவே தோன்றும்.

'கண்காணிப்பி'யில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. 'தீவிரக் கண்காணிப்பு' என்று நாளிதழில் படித்துப் படித்து அந்தச் சொல்லில் காவல்துறை வாடை ஏறிவிட்டது. தூங்கும் பிள்ளையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அடுத்து 'காவலன்'. சேலத்து ஐயாவின் தமிழுக்கு முன்னால் நான் சிறியவன். இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கருவி யாரையும் காப்பதில்லை. குழந்தை புரண்டு படுத்தால் திருப்பிப் போடாது. முகத்தில் துணி விழுந்தால் எடுக்காது. இதயத்துடிப்பும் மூச்சும் பார்க்கும் வீட்டுக் கருவிகளைக்கூட, உறக்கத்தில் நேரும் திடீர்ச் சாவைத் தடுக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில் சொல்கிறது. ஒலியை மட்டும் கடத்தும் கருவிக்குக் காவலன் என்று பெயர் வைத்தால், அசதியில் இருக்கும் ஒரு தாய் அந்தப் பெயரை நம்பிக் கண் அயர்ந்துவிடக் கூடும். கருவி செய்யாத வேலையைப் பெயர் வாக்குக் கொடுக்கக் கூடாது. 'மின்செவிலி'க்கும் இதே மறுப்புத்தான். அக்காவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறார்; செவிலியர் செய்வது என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கருவி உண்மையில் செய்வது ஒன்றே ஒன்று: கேட்கிறது. அரூர் நண்பர் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். 'தூளிக்காது' என்றதும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. அளிக்காது, ஒளிக்காது, சுளிக்காது, தூளிக்காது! முதல் முறை கேட்பவருக்கு எதிர்மறை வினைமுற்றாகவே விழும். பிரித்து எழுதினாலும் காதில் ஒன்றாகத்தான் சேரும். திரையில் 'தூளிக்காது இயங்குகிறது' என்று வந்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். நள்ளிரவில் பார்க்கும் திரையில் அந்தத் தடுமாற்றம் வரக் கூடாது.

ஆகவே நான் முன்மொழிவது தூளிச்செவி.

'செவி' இலக்கியச் சொல், யார் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். தனியாகப் பேசுவதில்லைதான். கூட்டுச் சொல்லில் செவி நமக்குப் பழக்கம்: செவிவழிச் செய்தி, செவிசாய், செவிமடு. செவிலி என்ற சொல்லும் ஓசையில் பக்கத்தில் நிற்கிறது. அக்கா விரும்பிய பரிவு அந்த ஓசையால் பெயருக்குள் வந்துவிடுகிறது. வேற்றுமை உருபு ஏற்பதிலும் சிரமம் இல்லை. தூளிச்செவியை எடுத்து வை, தூளிச்செவிக்குச் சார்ஜ் போடு, தூளிச்செவியில் சத்தம் வருது. எல்லாம் இயல்பாக வருகின்றன.

'சேய்ச்செவி', 'குழந்தைச்செவி' என்றெல்லாம் வைக்கலாமே என்றால், அவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோய் விட்டுவிடும். குழந்தையின் காது என்றே பொருள் படும். தூளிக்குக் காது கிடையாது. அதனால் தூளிச்செவி என்றால் ஒரு கருவியைத்தான் குறிக்க முடியும்.

தூளியா தொட்டிலா என்பதையும் பேச வேண்டும். தொட்டில் என்றால் தமிழ்நாடு முழுக்கப் புரியும். தேன்கனிக்கோட்டைக் கன்னட வீடுகளிலும் தொட்டிலு என்பார்கள். ஆனாலும் தருமபுரி மாவட்டத்துக்காரனாக அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. அப்போது தேன்கனிக்கோட்டை உள்ள கிருஷ்ணகிரியும் தருமபுரியோடுதான் இருந்தது. அது பிரிந்தது 2004இல். மருத்துவமனை வாசலில் வைத்த அந்தத் தொட்டில், வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போவதற்காக வைத்தது. 'தொட்டில் குழந்தை' என்ற சொல் இங்கே இன்றும் அந்தப் பொருளில்தான் வழங்குகிறது. அதைத் தொட்டு எழும் எந்தப் பெயரையும் இந்த ஊர்த் தாய் ஒருத்தியின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தூளிக்கு அந்தப் பாரம் கிடையாது. சேலையை உத்திரத்திலோ மரக்கிளையிலோ கட்டினால் தூளி. பயணத்தில் கூடவே வருவதும் அதுதான்.

கைக்குழந்தைக்குத் தூளி பாதுகாப்பானதுதானா என்று பென்னாகரம் அக்கா எழுப்பிய எச்சரிக்கை நியாயமானது. கைக்குழந்தையைச் சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது மருத்துவர்களின் அறிவுரை. பெயரைப் பார்த்துச் செயலி தூளியைப் பரிந்துரைப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆகவே உதவிப் பக்கத்தின் முதல் வரியிலேயே அந்த அறிவுரையைச் சேர்க்கிறேன். சார்ஜர் வயரும் போனும் குழந்தை கைக்கு எட்டாமல் குறைந்தது 3 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே வரும்.

பெயரைவிட எனக்கு அதிகக் கவலை தந்த இடம் வேறு. இரண்டு போன்களும் தொடர்பில் இருக்கின்றனவா என்று அறிய, ஒன்று மற்றொன்றுக்குச் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி அனுப்பும். வலைத் தொழிலில் இதை ஹார்ட்பீட் என்பார்கள். முந்தைய வரைவில் யாரோ அதை 'இதயத்துடிப்பு' என்று அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். மற்ற மென்பொருளில் பரவாயில்லை. குழந்தைக்கான செயலியில் 'இதயத்துடிப்பு நின்றது' என்று ஒரு வரி வந்தால் அதைப் படிக்கும் தாயின் நிலை என்ன? 'இதயத்துடிப்பு சீராக உள்ளது' என்று வந்தாலும் அதே அளவு ஆபத்து. குழந்தையின் நெஞ்சைக் கருவி அளப்பதாக நம்பிவிடுவார்கள். இதை உடனே நீக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானைக்காகப் பரண் மேல் இரவுக் காவல் இருப்பவர்கள், பக்கத்துப் பரணுக்கு அவ்வப்போது குரல் கொடுப்பார்கள். மறுகுரல் வந்தால் சரி. வராவிட்டால் டார்ச்சோடு இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். ஹார்ட்பீட் செய்வதும் அதே வேலைதான். 'நான் இருக்கிறேன்' என்று சொல்வது. எனவே இருப்புக்குறி என்கிறேன். அது வராமல் போனால் 'தொடர்பு அறுந்தது. குழந்தையை நேரில் போய்ப் பாருங்கள்' என்று திரை சொல்ல வேண்டும். ஒலியும் எழ வேண்டும். சத்தமே வராத கருவி, குழந்தை தூங்குவதாலும் அமைதியாக இருக்கலாம், பேட்டரி தீர்ந்ததாலும் அமைதியாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது இருப்புக்குறி மட்டுமே.

கருவி எட்டும் தொலைவுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. கூப்பிடுதூரம் நம்மிடம் இருக்கிறது. 'கூப்பிடுதூரத்தைத் தாண்டிவிட்டீர்கள்' என்றால் பாப்பாரப்பட்டிப் பாட்டிக்கும் புரியும்.

எவ்வளவு சத்தம் வந்தால் போன் ஒலிக்க வேண்டும் என்ற அமைப்புக்கு 'உணர்திறன் வரம்பு' என்று போட்டிருந்தார்கள். அது பொறியாளர் பேச்சு. அழுகையின் படிகளுக்குத் தமிழில் இருக்கும் சொற்கள் எவ்வளவு துல்லியமானவை! முனகல், சிணுங்கல், அழுகை, வீறல். முனகல் என்றால் பக்கம் மாறிப் படுக்கிறது, போக வேண்டாம். சிணுங்கல் என்றால் தட்டிக்கொடுத்தால் அடங்கும். அழுகை என்றால் பசியோ ஈரமோ. வீறிட்டால் எதைப் போட்டுவிட்டும் ஓட வேண்டும். 'எதற்கு எழுப்ப வேண்டும்?' என்று கேட்டு இந்த நான்கையும் வரிசையாகக் கொடுத்துவிடலாம். டெசிபல் எண் எதுவும் வேண்டாம். ஒகேனக்கல்லில் அருவி இரைச்சல் ஓயாமல் கேட்கும் அறையில் முனகலை வைத்தால் போன் விடாமல் ஒலிக்கும். அங்கே அழுகைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த நான்கு சொற்களும் உங்கள் ஊர்களில் இதே ஏறுவரிசையில்தான் வழங்குகின்றனவா என்று சொல்லுங்கள். நெல்லைப் பக்கத்தவர்களிடமும் யாழ்ப்பாணத்தவர்களிடமும் குறிப்பாகக் கேட்கிறேன்.

> செவி, காது என்றாலே ஒட்டுக்கேட்பது நினைவுக்கு வருகிறதே?

இப்படிக் கேட்டவருக்கு என் பதில்: வரட்டும், நல்லதுதான். திறந்த மைக் அது. ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் போடாவிட்டால் பக்கத்து அறைக்காரரும் அதில் நுழைந்துவிட முடியும். இந்தப் பெட்டி கேட்கிறது என்பதைப் பெயரே நினைவூட்டிக்கொண்டிருப்பது பயன்தான்.

மிச்சம் இருப்பது இரண்டு போன்களுக்கான பெயர்கள். குழந்தை பக்கம் இருப்பதைத் 'தூளிமுனை' என்கிறேன். அதில் தயக்கம் இல்லை. பெரியவர் கையில் இருப்பதற்கு வரைவில் 'தாய்முனை' என்று இருக்கிறது. அப்பாவும் தாத்தாவும் பெரியம்மாவும் வைத்திருக்கப் போகும் போனுக்கு அது பொருந்தாது. 'கைமுனை' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன், ஆனால் நிறைவாக இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை திரைச்சொற்களை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து