தாராவி வீடுகள்: பழைய படங்கள் வேண்டும், வரைபடம் தெரிந்தவர் உதவியும் வேண்டும்

வணக்கம். தாராவியில் நம் வீடுகள் தகரத்திலிருந்து செங்கல்லுக்கும், அப்புறம் மாடிக்கும் எப்போது மாறின என்று சந்து சந்தாக வரைபடம் போடுகிறேன். சீரமைப்பில் எல்லாம் இடிபடும் முன் முடித்தாக வேண்டும்.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இப்படிச் செய்திருக்கிறார்கள். குடிநீர், கழிப்பறை, இடவசதி, உறுதியான கட்டுமானம் நான்கையும் வைத்துப் பார்த்ததில், மேம்பட்ட வீடுகள் 2000இல் 11 சதவீதம், 2015இல் 23. நம்மூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சுவர், கூரை, தரை விவரம் உண்டு. ஆனால் கடைசியாகக் கிடைப்பது 2011, அதுவும் சந்து அளவுக்கு இறங்காது. செயற்கைக்கோள் படத்தில் நீலத் தார்ப்பாய்தான் தெரியும், அதற்குக் கீழே பலகையா கான்கிரீட்டா என்று தெரியாது.

அதனால் உங்கள் ஆல்பங்களைத்தான் நம்பியிருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணப் படங்களில் ஆட்களுக்குப் பின்னால் சுவரும் கூரையும் அப்படியே பதிந்திருக்கும். முகத்தை மறைத்து அனுப்பினாலும் சரி. எந்த ஆண்டு, எந்தச் சந்து, எத்தனை பேர் குடியிருந்தீர்கள், தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று எழுதினால் போதும். 1976 குடிசைக் கணக்கெடுப்பில் போட்டோ பாஸ் (குடியிருப்பவர் என்பதற்குப் படம் ஒட்டித் தந்த அட்டை) வாங்கிய பெரியவர்கள் யாராவது பேசச் சம்மதித்தால் வீட்டுக்கே வருகிறேன்.

கியூஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி: ஒரே இடத்தில் கீழ்வீடு ஒரு காலம், மாடி வேறொரு காலம் என்றால் வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?